எதிர்மனுதாரர்

"கோர்ட்டு மனு நான் எழுதுறதில்லம்மா" என்றார் அருள்பாண்டி. போடி நீதிமன்றத்துக்கு எதிரே முப்பது வருடமாக மனு எழுதிக் கொடுப்பவர். "வக்கீலுக்குப் படிக்காம இனி எழுதுனா உள்ள தள்ளிருவேன்னு நேத்துதான் வக்கீல் விஜயராஜ் வந்து சொல்லிட்டுப் போனாரு."

போடிமெட்டிலிருந்து ஜீப்பில் தனியாக வந்திருந்த ஜோதி நகரவில்லை.

"மகளைப் பாத்து எட்டு மாசமாச்சுண்ணே. வீட்டுக்காரரு கண்ணுல காட்ட மாட்டேங்கிறாரு."

"இலவச சட்ட உதவி மையத்துல கேளு. வக்கீல் குடுப்பாங்க."

"கேட்டேன். அவரு பேரைச் சொன்னதும் மூணு பேரு ஒதுங்கிட்டாங்க. தேனியிலயும் அதே கதைதான்."

"அப்படி யாரும்மா உன் வீட்டுக்காரரு?"

"நேத்து உங்களை மிரட்டிட்டுப் போனவருதான். உங்களை விட்டா எனக்கு யாரும் இல்லன்னு அவருக்குத் தெரியும்ணே."