செருப்பு விட்ட இடம்

குடும்பத்தோடு எளிதாக நடக்கலாம் என்று நுழைவாயிலில் எழுதிப் போட்டிருந்தார்கள். பாதி தூரத்துக்குள் சகாயமேரிக்குக் கால் ஓய்ந்துபோயிற்று. சதுப்பைச் சுற்றிப் போன அந்தப் பாதையில், பதினோராவது பெஞ்சருகே வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

“ஏம்மா கழட்டுற, கல்லு குத்தும்” என்றாள் மகள்.

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. சதுப்பை மீட்கிறோம் என்று இடித்துத் தள்ளும்வரை, பன்னிரண்டு வருஷம் அவர்கள் வீட்டு வாசல் அங்கேதான் இருந்தது. அடுப்படி இருந்த இடத்தில் இப்போது தண்ணீருக்குள் ஒரு நாரை நின்றது. கைக்குழந்தையாக அங்கிருந்து வெளியேறிய மகள் அதைப் போட்டோ எடுத்தாள்.

முன்னால் போன கணவன் அருளப்பன் திரும்பி, வெறுங்காலோடு நின்றவளையும் செருப்பையும் பார்த்தான்.

“நேரமாவுது” என்றான் அலுப்போடு. “கதவ சாத்திட்டு வா.”