தைச்ச கை

"டெய்லர், இனிமே இந்தப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு என் ரூம் படியை மிதிக்காதீங்க. சொல்லிட்டேன்."

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்த கைக்குழந்தைகள் ஒன்றுசேர்ந்து அழ ஆரம்பித்தன. டெய்லருக்கு முகம் செத்துவிட்டது. பதினைந்து வயது மகளோ, சுவரில் ஒட்டியிருந்த ஒட்டகச்சிவிங்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடல் வயிற்றுக்கு வெளியே கிடக்கப் பிறந்தவள் அவள். அன்றைக்கே அதை உள்ளே வைத்துத் தைத்தவர் இந்தக் குழந்தைகள் டாக்டர்தான். அதிலிருந்து, மகள் வயிற்றைத் தொட்டாலே போதும், டெய்லர் இங்கே இழுத்து வந்துவிடுவார்.

"அப்பா, இது மாசாமாசம் வர்ற வலி. வேற டாக்டரைப் பார்க்கணும்பா" என்று அவளும் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"தைச்ச கைக்குத்தாம்மா தையல் தெரியும்."

இன்றைக்கும் அதையேதான் சொன்னார். டாக்டருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஆம்பளைச் சட்டை தைக்கிற நீங்க கவுனுக்கு அளவெடுப்பீங்களா? மாடியில லேடி டாக்டர் இருக்காங்க. போங்க."

படியேறும்போது டெய்லர் பொருமித் தீர்த்தார்.

"அவர் பேரனுக்குக் கண்முழிச்சுக் கோட் தைச்சுக் குடுத்தேன். நன்றி இருக்கா? உனக்குமா ரோஷம் வரல?"

"விடுங்கப்பா. வயசானவர்."

மாடியில் டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மகளிடம் நிறையக் கேட்டார். அவளும் மடை திறந்த மாதிரி பேசினாள்.

"குடல் நல்லா இருக்கு. சினைப்பையில சின்ன நீர்க்கட்டி, பழைய தழும்போட ஒட்டிக்கிட்டிருக்கு. மாத்திரை தர்றேன், பயப்பட ஒண்ணுமில்ல. இப்படிப் பிறந்த பொண்ணுங்க வயசுக்கு வந்ததும் எங்ககிட்டயும் காட்டணும்ங்க."

டெய்லருக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"இதை அவர் தன்மையாச் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"வர மாட்டீங்களாமே." டாக்டரம்மா சிரித்தார். "காலையிலேயே போன் பண்ணிட்டார். 'யாரோ என்னைக் கூப்பிட்டு, அந்த டெய்லரைத் திட்டி விரட்டுங்கன்னு கெஞ்சுறாங்க. விரட்டுறேன், நீ பார்த்துக்கோ'ன்னார்."

"என்னைத் திட்டச் சொன்னாங்களா? யாரும்மா அது?"

டாக்டரம்மா மேஜை மேல் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

மகள் பையின் வாரைத் திருகினாள்.

"நான் கொஞ்சமாத்தான் திட்டச் சொன்னேன்பா."