சிறப்பு விருந்தினர் நகர்த்திய சிப்பாய்

"அந்த மனுஷனை யாரு காய்ல கை வைக்கச் சொன்னது? போட்டோவுக்கு நின்னுட்டுப் போக வேண்டியதுதானே!"

சேலையூர் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எலியேசர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மாடி ஹாலில் மாவட்ட செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. அவர் மகள் ஏஞ்சல் இதில் ஜெயித்தால் மாவட்ட அணியில் இடம். தோற்றால் அடுத்த வருடம்தான்.

"கத்தாதீங்க" என்றாள் மனைவி செல்வமேரி. "சம்பந்தம் ஐயா மண்டபத்தையே சும்மா குடுத்திருக்காரு. சீஃப் கெஸ்ட் முதல் போர்டுல ஒரு காயை நகர்த்தித் தொடங்கி வைக்கறது வழக்கம்தானே?"

"நகர்த்தட்டும். ராஜாவுக்கு முன்னால இருக்கற சிப்பாயை நகர்த்த வேண்டியதுதானே? அந்த ஓப்பனிங்கைத்தான் ஆறு மாசமா அவளுக்குக் கத்துக் குடுத்து என் தொண்டையே வத்திப்போச்சு. இவர் போய் குதிரைக்கு முன்னால இருக்கறதைத் தள்றாரு! அதை எவன் ஆடுவான்?"

"வேணும்னா மாத்திக்கோன்னு நடுவர் சொன்னாரே?"

"இவ மாத்தினாளா? 'பெரியவர் வெச்சது, இருக்கட்டும் சார்'னு பல்லைக் காட்டறா. நான் வாசல்ல நின்னு கையை ஆட்டறேன், திரும்பியே பாக்கல. மரியாதையாம் மரியாதை! வீட்ல ஒரு டம்ளர் தண்ணி கேட்டா எழுந்திருக்க மாட்டா."

செல்வமேரி நீட்டிய காபியை அவர் தொடக்கூட இல்லை.

மதியம் நெருங்கும்போது படிக்கட்டு தடதடத்தது. "அம்மா, ஜெயிச்சிட்டேன்!" ஏஞ்சல் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எலியேசருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் சொன்னதை ஆடியிருந்தா இன்னும் சீக்கிரமே முடிச்சிருப்ப."

"ஆமாம்ப்பா" என்றாள் அவள் நல்ல பிள்ளையாக. தோழிகள் போட்டோ எடுக்க அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

சற்று நேரத்தில், சாப்பிடுவதற்காக சம்பந்தம் வந்தார். எலியேசரால் பொறுக்க முடியவில்லை. செல்வமேரி சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்டேவிட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு செஸ் தெரியுமா?"

"எனக்கு இன்னா சார் தெரியும்? இன்னிக்குத்தான் காயையே தொட்டேன். 'எதைம்மா நகர்த்தணும்'னு அந்தப் பொண்ணு காதுலயே கேட்டேன். அதுதான் காட்டிச்சு."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"'எங்கப்பா சொல்றதை ஆடினா தோத்துடுவேன், வேற ஆடினா திட்டுவாரு. நீங்களா நகர்த்தினதா இருக்கட்டும் தாத்தா'ன்னுச்சு. பாவம் சார் அந்தக் கொழந்தை. ஆமா, அந்த அப்பன்காரன் யாரு சார் இங்க?"