ஒரு கிலோமீட்டர் வட்டம்

துஷ்யந்தி திரையைப் பெரிதாக்கினாள். மலேசிய வரைபடம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. பினாங்குத் தீவின் ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன நீல வட்டம்.

ஒரு கிலோமீட்டர்.

மூன்று நாளாக அவர்களுடைய விளம்பரம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. அதுவும் அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்.

நாலே பேர் கொண்ட நிறுவனம். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையின் மேல்மாடி. அவர்கள் செய்திருக்கும் அனிமேஷன் கருவி இணையத்திலேயே இயங்கும்; கடைக்காரர் ஒரு பொம்மையைத் தேர்ந்தெடுத்து நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும், பொம்மை நடந்து வந்து பேசும். பெர்லிஸிலிருந்து ஜொகூர் வரைக்கும் உள்ள இளம் கடைக்காரர்களுக்கு அதைக் காட்டத்தான் இந்த விளம்பரம்.

காட்டியதோ முந்நூற்றுச் சொச்சம் தாத்தா பாட்டிகளுக்கு.

நிறுவனத்தைத் தொடங்கிய அஸ்லான் காலையிலேயே குரல்செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, மூணு நாள்ல ஒரு சைன்-அப் கூட இல்லையே லா! நம்ம பொம்மையப் பாத்து எல்லாரும் ஓடிட்டாங்களா? பதினோரு மணிக்கு வர்றேன்."

மணி பத்தரை.

வட்டத்தின் நடுப்புள்ளியை அவள் இன்னும் பெரிதாக்கினாள். டத்தோ கிராமாட். சந்தையைத் தாண்டி இரண்டாவது சந்து. பச்சைக் கேட் போட்ட வீடு.

காது மடல் சூடாகியது.

அது அப்பாவின் வீடு.

வெள்ளிக்கிழமை விளம்பரத்தை அமைத்தது அவள்தான். கூடவே வேலை செய்யும் கணவன் ஹைதர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றினான். அப்படியானால் கை தவறியது அவளுக்குத்தான். முதல் எழுத்தைத் தட்டினாலே பழைய முகவரியை நீட்டும் கணினி இது. அவள் அந்த வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது என்று அதற்கு யார் சொல்வது?

ஹைதரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அழுதிருப்பாள், ஏதோ ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போனை எடுப்பாள். பின்னால் தொலைக்காட்சியின் சத்தம் மெல்லக் கூடும். அவ்வளவுதான் அப்பா.

அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே அவள் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டாள். இதை ஹைதரிடம் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான்.

அஸ்லான் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும். நிறுத்தும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

விளம்பரத்துக்குக் கீழே ஒரே ஒரு கருத்து இருந்தது.

யாராவது திட்டியிருப்பார்கள். திறந்தாள்.

'குரல் கொடுத்த பிள்ளைக்குத் தடிமன் போலத் தெரிகிறது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துச் சூடாகக் குடிக்கச் சொல்லவும். இப்படிக்கு, க. விநாசித்தம்பி.'

துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கடிதம் எழுதிய அப்பாவின் கை. ஒரு கருத்துக்குக்கூட 'இப்படிக்கு' போடாமல் இருக்க அதனால் முடியாது.

விரல் பொத்தானின் மேலேயே நின்றது.

குரல் பதிவு செய்த அன்று அவளுக்குத் தடிமன்தான்; மூக்கு அடைத்திருந்தது. இன்னொரு நாள் பேசுகிறேன் என்று கெஞ்சினாள். ஹைதர்தான் விடவில்லை. "இதான் நல்லாருக்கு. பொம்மைக்கும் சளி புடிச்ச மாதிரி, உயிரோட இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். விளம்பரத்தைப் பார்த்த வேறு யாரும் அந்தக் குரலில் சளியைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பரோட்டா போல ரொட்டிச்சானாய் மாவை வீசும் பொம்மை அது. "உங்க கடைக்கும் ஒரு படம் வேணுமா?" என்று கேட்கும். பத்து விநாடிகூட இல்லை.

அதைக் கேட்டுவிட்டு அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்திருப்பார். அவள் முன்பு அவருடைய போனில் போட்டுக்கொடுத்த தமிழ் விசைப்பலகையை ஒற்றை விரலால் தட்டியிருப்பார். இவ்வளவையும் எழுத அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்திருப்பாரோ?

பிள்ளை. அவளை அவர் கூப்பிட்டது எப்போதும் அப்படித்தான். துஷ்யந்தி என்பது பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அறையில் யாருமில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. கீழ்க்கடையிலிருந்து ஹைதர் ஏறி வந்தான். கையில் ஒரு கண்ணாடி டம்ளர், மேலே சின்னத் தட்டால் மூடியிருந்தது. மேசையில் வைத்துத் தட்டை எடுத்தான்.

ஆவியோடு இஞ்சி வாசம் வந்தது. அடியில் கொத்தமல்லி விதைகள் படிந்திருந்தன.

அவள் டம்ளரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"வட்டம்... நீயா போட்டே?"

"ஒரு நாள்தான் வைக்கலாம்னு நெனச்சேன். அவரு வாயத் தொறக்கவே மூணு நாளாயிடுச்சு. அஸ்லான்கிட்ட நான் சொல்லிக்கிறேன்." டம்ளரை அவள் பக்கமாக நகர்த்தினான். "ஆறிப்போறதுக்குள்ள குடி. மாமா சொல்லிட்டாரு."