மண்டபத்தில் தப்புச் சத்தம்

"யாரு செத்தது?"

ஈரத் தலையில் சுற்றிய துவாயோடு இருளாயி மண்டபத்து வாசலில் மூச்சிரைக்க நின்றாள். அவளுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் சனம் பாதி நின்றது. மலையிலிருந்து நேராக வந்த சிலர் கொழுந்துச் சாக்கைக்கூட இறக்கவில்லை.

மண்டபத்துக்குள் பிரேதம் எதுவும் இல்லை. ஒரு வெள்ளைத் திரை, இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு லெப்டொப். அதன் முன்னால் ஓப்பநாயக்க டவுனில் கடை வைத்திருப்பவரின் மகள் இன்ஷிரா. ஸ்பீக்கரிலிருந்துதான் தப்புப் பறையின் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிரேதம் தூக்கும்போது அடிக்கிற அதே அடி.

"ஒருத்தரும் மௌத்தாகல்ல. பின்னேரம் நிகழ்ச்சி இருக்குதானே, அதுக்குச் சத்தம் சரி பாக்குறேன்" என்றாள் இன்ஷிரா, ஒன்றும் விளங்காமல்.

தோட்டத்து இளைஞர் கழகமும் கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவின் இளைஞர்களும் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சி அது. இங்கிருந்து கொழுந்து பறிக்கும் விரல்களும், தகரத்தில் விழும் மழையும், ஆலைச் சங்கும் படமாகவும் ஒலியாகவும் போயின. அங்கிருந்து கடலலையும் கரும்பு வெட்டும் கைகளும் வந்தன. தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது. வருவதையெல்லாம் இன்ஷிராதான் டவுனில் இறக்கிக் கொண்டுவருவாள்.

எல்லாவற்றையும் கலந்து இரண்டு ஊரிலும் திரையிட்டு, அதோடு ஆடவும் பாடவும் வேண்டும். கைகள் மட்டும் தெரியலாம், யாருடைய முகமும் தெரியக்கூடாது என்பது இரு பக்கமும் பேசிக்கொண்ட விதி.

இப்போது திரையில், சடசடவென்று சோகைச் சருகு எரியும் நெருப்பில், தோல் விறைக்க யாரோ தப்பைக் காய்ச்சினார்கள். பிறகு இரண்டு கறுத்த கைகள் அடிக்கத் தொடங்கின.

வயர் சுருளோடு ஓடிவந்த சசி வாசலிலேயே நின்றுவிட்டான். கழகத்தில் ஒலிக்குப் பொறுப்பு அவன்தான்.

சசியின் தகப்பன் வேலுசாமி இருந்தவரை, அவர் அடிக்காமல் இந்த டிவிஷனில் எந்தப் பிரேதமும் புறப்பட்டதில்லை. அவர் போனதும் சனம் சசியின் வாசலில் வந்து நின்றது. எனக்கு அடிக்கத் தெரியாது என்ற ஒரே பொய்யை வைத்து அவன் சமாளித்து வந்தான். ஒரு தடவை தொட்டால் பிறகு விடமாட்டார்கள். படித்த படிப்பும் பார்க்கிற வேலையும் யாருக்கும் ஞாபகம் வராது.

கழகத்திலும் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எதை வேண்டுமானாலும் அனுப்புங்கள், தப்பை மட்டும் அனுப்பாதீர்கள்.

"அப்பிடியே வேலுசாமி அண்ணன் கை!" என்றாள் இருளாயி. "டேய் சசி, எங்க வீட்டு மனுஷன் ரெண்டு மாசமா பாயில கெடக்காரு. நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா அசலூர்த் தோட்டத்துலயா போய் ஆள் கூப்புடுறது? நீதாண்டா வரணும்."

"எனக்குத் தெரியாதுக்கா."

"வாய்தான் தெரியாதுங்குது. ஒங் கையப் பாரு."

சசியின் விரல்கள் வயர் சுருளின் மேல் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அடோ மச்சான்" என்றான் நடனக் குழுவில் இருந்த இந்திரகுமார். "ஒலிப் பொறுப்பாளர்னு பெருசா பேர் போட்ட. கடைசியில பழைய பொறுப்புதான்!"

சனம் சிரித்தது. சசி வயரைக் கீழே போட்டுவிட்டு நேரே இன்ஷிராவிடம் போனான்.

"மழைச் சத்தம் வேணும்னு என் பழைய மெமரி கார்ட வாங்குனீங்கதானே? அதுல இருந்த எங்கப்பா அடிய எடுத்துட்டீங்க, இல்லியா?"

"இல்ல சசி, கொஞ்சம் கேளுங்க..."

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். அதக்கூடக் காப்பாத்தல. எங்கயோ இருக்கிற புள்ளைங்க எங்கப்பன் ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சதுல டான்ஸ் ஆடணுமா? நாளைக்கு இங்க ஒருத்தர் விடாம என் வாசல்ல வந்து நிப்பாங்க. அழிங்க. என் கண்ணு முன்னால அழிங்க."

இன்ஷிரா லெப்டொப்பை மூடவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"அழிக்க ஏலாது சசி."

"எங்கப்பா அடிச்சது. ஏலாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"இது ஒங்கட அப்பா இல்ல. நாங்க தப்பு அனுப்பவே இல்ல. இது காலைல அங்க இருந்து வந்தது. முந்தாநேத்து அவங்கட பக்கத்து வீட்ல எடுத்ததாம். அவங்களும் அந்தக் காலத்துல கரும்பு வெட்ட இந்தியாவில இருந்து கப்பல்ல போன ஆக்கள்ட புள்ளைகள்தானே. நான் ஏதோ கல்யாணம்னு நெனச்சேன்."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். இருளாயி திரைக்குக் கிட்டப் போய் அந்த நெருப்பை உற்றுப் பார்த்தாள்.

"கரும்புச் சோகை புள்ள இது" என்றாள் மெல்ல. "நம்ம மலையில ஏது கரும்பு?"

ஸ்பீக்கரில் அடி நிற்கவில்லை. கொழுந்துச் சாக்கோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக அதை இறக்கி வைத்தார்கள். சசியின் விரல்கள் மறுபடியும் தொடையில் தட்டத் தொடங்கின. இந்தத் தடவை அவன் கையை இழுக்கவில்லை.

கடைசி அடி விழும்வரை நின்று கேட்டான். பிறகு சொன்னான்:

"இன்ஷிரா, அங்க யாரு செத்ததுன்னு கேளுங்க."