தூசி போட்ட கோலம்

விண்வெளி வெறுமையானது என்பது மாபெரும் தவறு. அங்கே தூசி இருக்கிறது. அதற்கு வாயும் இருக்கிறது.

பிரபஞ்சம் பிறந்தபோது தன்மேல் பதிந்த மெல்லிய சுழிக்கோலத்தைச் சுமந்தபடி ஆதி ஒளி பூமிக்கு வந்தது. வழியில் தூசியும் தன் சொந்த வெளிச்சத்தில் அதேபோன்ற சுழிக்கோலம் போட்டபடி கூடவே தொற்றிக்கொண்டது. பூமியில் அந்த ஆதிக் கோலத்தைத் தேடிக்கொண்டிருந்த தொலைநோக்கியின் கண்ணில் பட்டது தூசியின் கோலம்தான்.

"பிறப்பின் சுவடு கிடைத்துவிட்டது!" என்று தொலைநோக்கி கூவியது.

"குருட்டுப் பயலே, அது தூசியுடையது! என்னுடையது அதற்கடியில் கிடக்கிறது!" என்று ஒளி கொதித்தது.

"கோபப்படாதீங்க பெரியவரே," என்றது தூசி. "இத்தனை கோடி வருஷம் நடந்தீங்களே, கொஞ்சம் சத்தமாப் பேசவும் கத்துக்கிட்டிருக்கலாம்."

"வாயை மூடுடா, நேற்றுப் பிறந்தவனே!"

தவறு தெரிந்ததும், தூசியின் கோலத்தைக் கழித்துவிட்டு ஒளியின் கோலத்தைத் தேட, விஞ்ஞானிகள் தொலைநோக்கிக்கு இரண்டாவது கண் பொருத்தினார்கள். அது தூசியை மட்டுமே பார்க்கிறது.