கிட்ட வராதே

அவன் மாடி ஏறவில்லை.

தோளில் இருந்த பையைக் கீழே குழாயடியிலேயே இறக்கிவைத்தான். செருப்பைக் கழற்றித் தெருப்பக்கம் தள்ளினான்.

படியில் தடதடவென்று சத்தம். மகள் ஓடிவந்தாள்.

"கிட்ட வராதம்மா!"

பிரவீணா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கச் சுவரில் வைத்துக்கொண்டாள்.

அவன் அவளையே பார்த்தான். இரண்டு மாடி. நடுவில் எங்கும் நிற்காமல் இறங்கியிருக்கிறாள். வாய் மூடியிருந்தது. மூக்கால் மூச்சு விட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே படியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். இழுப்பு வந்தால் உதடு நீலம் பாரிக்கும். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் சட்டைக் காலரை விடமாட்டாள்.

இன்றைக்குப் போலவே அந்தச் சட்டையிலும் கரித்தூள்தான்.

பிறகு, பக்கத்திலிருந்த அனல்மின் நிலையத்தை மூடினார்கள்.

மொட்டைமாடியில் காயப்போட்ட யூனிஃபார்ம் வெள்ளையாகவே திரும்பி வந்தது. இழுப்புக்கு மருந்துப் புகை கொடுக்கும் மெஷினைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றினாள் அவன் மனைவி அமுலு. தெருவில் பட்டாசு வெடித்தார்கள்.

அவனும் நின்று பார்த்தான். அங்கே கரி போகும் பெல்ட்டில் ஒப்பந்த வேலை பார்த்தவன் அவன்.

அந்த இடத்தில் சோலார் வந்தது. போய்க் கேட்டான். காவலுக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. பலகைகளைத் துடைக்க மெஷின் வைத்திருந்தார்கள்.

கன்டெய்னர் யார்டு, இறால் கம்பெனி என்று அலைந்தான். கடைசியில் தெரிந்த வேலையே கூப்பிட்டது. வேறு மாநிலம். அங்கே இன்னும் கரி எரிந்துகொண்டிருந்தது. குடும்பத்தோடு வரலாம், குவார்ட்டர்ஸ் உண்டு என்றார்கள்.

குவார்ட்டர்ஸ் சாம்பல் கொட்டும் ஏரியை ஒட்டி இருந்தது.

தனியாகப் போனான்.

இது முதல் லீவு.

அமுலு பக்கெட்டும் சொம்புமாக வந்தாள். மாசி முடியவில்லை, வெயில் சித்திரைபோல் அடித்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் சுட்டது.

அவன் பையைக் கவிழ்த்தான். துணி விழுந்ததும் பக்கெட் தண்ணீர் கலங்கிக் கறுத்தது.

"தோய்க்காமயா எடுத்தாந்த?"

"தோய்ச்சதுதான். காயப்போடுற எடத்துலயும் பறக்குது."

அவள் அந்தப் பக்கெட்டை ஒதுக்கிவிட்டு இன்னொன்றில் தண்ணீர் பிடித்தாள்.

சட்டையைக் கழற்றிவிட்டுக் குந்தினான். அவள் மொண்டு ஊற்றினாள். காதுமடலுக்குப் பின்னால் விரல்விட்டுத் தேய்த்தாள். கழுத்து மடிப்பில் தேய்த்தாள். கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிச் சாக்கடைக்குப் போனது.

அவனுக்கு இருமல் வந்தது. மகள் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

"இது எப்பலேர்ந்து?"

"ரயில்ல ஜன்னல் காத்து."

அவள் நம்பவில்லை. மறுபடி மொண்டாள்.

"அப்பா." படியிலிருந்து பிரவீணா. "கரி எரிக்கிற கம்பெனி எல்லாத்தையும் மூடிடுவாங்களாம். பூமி சூடாவுதுல்ல, அதுக்காக. டீச்சர் சொன்னாங்க."

"ஆமாம்மா."

"நீ போற கம்பெனியுமா?"

"மேல போடி," என்றாள் அமுலு.

அவள் போகவில்லை.

"அதையும் மூடிட்டா நீ இங்கயே வந்துடுவ இல்ல?"

முகத்தில் வழிந்த தண்ணீரை அவன் உள்ளங்கையால் வழித்தான். மகளைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

"வந்துடுவேன். சீக்கிரமே மூடிடுவாங்க."

பிரவீணா கைதட்டிச் சிரித்தாள்.

அவன் தலையைக் குனிந்து காத்திருந்தான்.

அமுலு மொண்ட சொம்பிலிருந்து தண்ணீர் விழவில்லை.